மழை நாளில் மலைக்காட்டுத் தனிநடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி மழையைப் பற்றித்தான் இருக்கும். ஜொகூர், பஹாங் மலைகளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. ஜப்பானின் பழைய யாத்திரைப் பாதைகளுக்குத் தனியாகக் கிளம்பும் சிங்கப்பூர்க்காரர்களும் கூடிவருகிறார்கள். இம்முறை மழை நாள் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கே: 20,000 மி.மீ. நீர்த்தடுப்பு என்று போட்டிருந்த விலையுயர்ந்த மழைச்சட்டை வாங்கினேன். ஜொகூர் மலை ஒன்றில் இரண்டு மணி நேர மழையில் உள்ளே தொப்பலாக நனைந்துவிட்டேன். ஏமாந்துவிட்டேனா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

ப: சட்டையைக் குறை சொல்வதற்கு முன், நனைத்தது மழையா வியர்வையா என்று பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு மட்டும் ஈரமென்றால் மழை புகுந்திருக்கிறது. முதுகும் நெஞ்சும் அக்குளும் ஒரே சீராக ஈரமென்றால் அது வியர்வை.

20,000 மி.மீ. என்பது, துணியின் மேல் 20 மீட்டர் உயர நீர்த்தம்பம் நின்றாலும் கசியாது என்ற அளவு. மழைக்கு அது தாராளம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சட்டைகளின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. உள்ளிருக்கும் நீராவி வெளியைவிட அடர்த்தியாக இருந்தால்தான் அது வெளியே போகும். வெளியில் 26 டிகிரி, காற்றில் ஈரம் தளும்புகிறது என்றால் அந்த வித்தியாசமே இருக்காது. ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கும். அவ்வளவையும் எந்தச் சவ்வும் வெளியேற்றாது.

இரண்டாவது காரணம், மேல்துணியில் பூசியிருக்கும் நீர்விலக்கிப் பூச்சு. புதிதில் நீர் முத்துமுத்தாக உருண்டோடும். முதுகுப்பையின் வார் உரசும் இடங்களிலும், வியர்வையும் அழுக்கும் படிந்த இடங்களிலும் பூச்சு செயலிழந்து, துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். நீர் உள்ளே வராவிட்டாலும், நனைந்த மேல்துணி ஆவியை அடைத்துவிடுவதால் உள்ளே இன்னும் நசநசக்கும். மென்மையான சோப்பில் துவைத்து, துணி மென்மையாக்கியைச் சேர்க்காமல் நன்றாக அலசி, உலர்ந்தபின் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் சுற்றவிடுங்கள். பெரும்பாலான சட்டைகளில் பூச்சு மீண்டும் எழும்பும். உள்பட்டியில் உள்ள சலவைக் குறியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் முத்து உருளாவிட்டால் தெளிப்பான் பூச்சு வாங்கி அடிக்க வேண்டியதுதான்.

ஜொகூர் மலைகளில் ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஏறும்போது மழைச்சட்டையைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. சீக்கிரம் உலரும் மெல்லிய பாலியெஸ்டர் டீ-சட்டையோடு நனைந்துகொண்டே ஏறலாம். நிற்கும்போதும், முகட்டில் காற்று அடிக்கும்போதும், உச்சிக்குப் போனபின்பும் சட்டையைப் போடுங்கள். ஜப்பானிய மலையில் 10 டிகிரி மழையென்றால் கணக்கு மாறிவிடும். அங்கே முதல் தூறலிலேயே சட்டையைப் போட்டு, அக்குள் ஜிப்பைத் திறந்துவிட்டு, வியர்க்காத வேகத்துக்கு நடையைக் குறைக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உலரவும் உலராது, சூட்டையும் பிடித்து வைக்காது.

கே: மழைச்சட்டைக்குப் பதிலாகக் குடை? சிரிக்காதீர்கள். (பிடோக் வாசகி)

ப: சிரிக்க ஒன்றுமில்லை. காற்றில்லாத மழை, அகலமான பாதை, இரண்டும் அமைந்தால் குடையைப்போலச் சுகமானது வேறில்லை. முதுகு வேகாது, வரைபடத்தை விரித்துப் பார்க்கலாம். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் இரு கையும் உங்களுக்குத் தேவை. முகட்டுக் காற்றில் குடை உங்களை இழுக்கும். இடி கேட்டவுடன் மடக்கிவிடுங்கள். மழைச்சட்டையோடு கூடுதலாக எடுத்துப் போங்கள், அதற்குப் பதிலாக வேண்டாம்.

கே: பைக்கு மழையுறை போட்டும் உள்ளே தூங்கும் பை நனைந்துவிட்டது. உறை கிழியவில்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது? (தெம்பனிஸ் வாசகர்)

ப: முதுகு வழியாக. மழையுறை பையின் வெளிப்பக்கத்தை மட்டுமே மூடுகிறது. கழுத்திலிருந்து வழியும் நீர் உங்கள் முதுகுக்கும் பைக்கும் இடையில் இறங்கி, பையின் பின்பலகைத் தையல்களில் ஊறி, கடைசியில் உறையின் அடியில் குட்டையாகத் தேங்கும். பையின் அடியில் இருந்தது தூங்கும் பை. அதுதான் முதலில் குடித்தது. காற்றும் கிளையும் உறையைக் கழற்றிக்கொண்டு போவது தனிக்கதை.

பாதுகாப்பைப் பைக்கு உள்ளே வையுங்கள். 50 லிட்டர் பைக்கு 70 லிட்டர் கொள்ளும் தடித்த கறுப்புக் குப்பைப் பை போதும். வீட்டுச் சமையலறைக் குப்பைப் பை மிக மெல்லியது. அதுதான் கிடைத்தது என்றால் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். காலிப் பைக்குள் அதை விரித்து, வாயை வெளியே மடித்துவிடுங்கள். அடியில் தூங்கும் பை, அதன்மேல் இரவு உடை, பிறகு மற்றத் துணி. முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயைக் கயிறுபோல முறுக்கி, மடித்து ஓரமாகச் செருகுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். விறைத்த விரலால் அதை அவிழ்க்க முடியாமல் பையைக் கிழிக்க நேரும். ஈரக் கூடாரம், மழைச்சட்டை, தண்ணீர், அன்றைய தீனி எல்லாம் அந்த உள்பைக்கு வெளியே இருக்கட்டும். வழியில் உள்பையைத் திறக்கவே தேவை வராதபடி அடுக்குவதுதான் நல்ல அடுக்கல்.

தனியாகப் போகிறவர் மூன்றே மூன்றை மட்டும் என்ன ஆனாலும் நனையவிடக் கூடாது: தூங்கும் பை, ஒரு சோடிக் கம்பளிக் காலுறையோடு சேர்ந்த இரவு உடை, விளக்கும் பவர்பேங்கும். இந்த மூன்றுக்கும் உள்பைக்குள்ளேயே, வாயைச் சுருட்டி மூடும் இன்னொரு பை. மற்றவை நனைந்தால் நனையட்டும். இரவு உடையை, கூடாரத்துக்கோ விடுதிக்கோ போய்ச் சேர்ந்த பிறகுதான் போட வேண்டும். காலையில் மீண்டும் அந்த ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்புவது கொடுமையாகத்தான் இருக்கும். பத்து நிமிட நடையில் சரியாகிவிடும். உலர்ந்த உடையோடு மழையில் இறங்கினால் அன்றிரவு உங்களுக்கு உலர்ந்தது எதுவுமே இருக்காது.

சோதித்துப் பார்க்கக் குளியலறையே போதும். பைக்குள் பழைய செய்தித்தாள்களை வைத்து அடுக்கி, பத்து நிமிடம் ஷவருக்கு அடியில் நிறுத்துங்கள். எந்தத் தாள் ஈரமோ அந்த இடத்தில் ஓட்டை.

கே: நவம்பர் கடைசியில் ஜப்பானின் பழைய யாத்திரைப் பாதையான குமானோ கோடோவைத் தனியாக நடக்கப் போகிறேன். கோகுச்சியிலிருந்து நாச்சி வரையிலான நாள்தான் கடினம் என்கிறார்கள். அன்று மழை பெய்தால் போகலாமா, வேண்டாமா? எப்படி முடிவு செய்வது? (செங்காங் வாசகி)

ப: அந்தப் பாதை இருக்கும் கீ தீபகற்பம் ஜப்பானிலேயே மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று. அதன் கிழக்குக் கரையில் உள்ள ஒவாசே நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,900 மி.மீ. பெய்கிறது, சிங்கப்பூரில் 2,100 மி.மீ.க்குச் சற்று அதிகம். மழைக்காலமான ஜூன், ஜூலையையும், சூறாவளி வரும் ஆகஸ்ட், செப்டம்பரையும் நீங்கள் தவிர்த்தது நல்லது. நவம்பரிலும் ஒரு நாள் நனையாமல் திரும்புவீர்கள் என்று எண்ண வேண்டாம்.

அந்த நாளின் கணக்கைப் பார்ப்போம். தூரம் 14.5 கி.மீ., மொத்த ஏற்றம் 1,200 மீட்டருக்கு மேல். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். 14.5 கி.மீ.க்கு 2 மணி 54 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி, ஆக 4 மணி 54 நிமிடம். இது உலர்ந்த பாதையில், இளைப்பாறாமல் நடப்பவருக்கு. மழைக்கும் முதுகுச் சுமைக்கும் ஒன்றரை மடங்கு போடுங்கள்: 7 மணி 20 நிமிடம். நின்று தின்ன முக்கால் மணி சேர்த்தால் 8 மணிக்கு மேல். நவம்பர் கடைசியில் அங்கே மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் 7 மணிக்கு இருட்டும் ஊரில் வாழும் நமக்கு இது எளிதில் மனத்தில் நிற்காது. மழை மேகத்தோடு தேவதாரு, சைப்ரஸ் தோப்புக்குள் 4 மணிக்கே பாதை மங்கும். ஆகவே காலை 7 மணிக்குக் காலடி எடுத்து வைத்தாக வேண்டும். விடுதியில் முதல்நாள் இரவே சொல்லி, காலை உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கோகுச்சியிலிருந்து முதல் 5 கி.மீ.க்குள் ஏறத்தாழ 800 மீட்டர் ஏறி எச்சிசென் கணவாயைத் தொடுகிறீர்கள். அதற்கு மட்டும் அதே சூத்திரம் மழையில் மூன்றரை மணி தருகிறது, அதாவது 10.30. மதியம் 11.30 ஆகியும் கணவாய் வரவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடுங்கள். இந்த நேரத்தை முதல்நாளே தாளில் எழுதி வையுங்கள். நனைந்து களைத்த மூளை, ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்றே’ என்று உங்களிடமே வாதாடும். பக்கத்தில் மறுத்துப் பேச ஆளில்லை.

போகலாமா என்பதற்கு மூன்றைப் பாருங்கள். ஜப்பானிய வானிலை அமைப்பு அந்தப் பகுதிக்குக் கனமழை எச்சரிக்கை விட்டிருந்தால் போகக் கூடாது, அதில் பேச்சே இல்லை. 2011-இல் வந்த சூறாவளி மழையில் இதே யாத்திரைப் பாதையின் ஒரு பகுதி நிலச்சரிவால் மூடப்பட்டு, சுற்றுவழி போட வேண்டிவந்தது. இரண்டாவது, இரவு முழுதும் பெய்து காலையிலும் விடவில்லையா என்பது. ஊறிப்போன சரிவு மழை நின்ற பிறகும் இடியும். மூன்றாவது, உங்கள் கால். முந்தைய நாளே முழங்கால் வலித்திருந்தால் ஈரக் கல்லில் இறங்குவது அதைக் கெடுத்துவிடும். இவற்றில் ஒன்று தடுத்தாலும் ஷிங்கு வழியாகப் பேருந்து மாறி நாச்சிக்குப் போகலாம். பேருந்துகள் குறைவு, நேரத்தை இரவே குறித்துக்கொள்ளுங்கள். 133 மீட்டர் நாச்சி அருவி மழைக்குப் பின்தான் முழு உடம்போடு விழும். பேருந்தில் போனாலும் அது உங்களுக்குக் கிடைக்கும்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. நாச்சிப் பக்கம் பாசி படிந்த பழைய கற்படிகள். வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதும், நாளின் கடைசி இரண்டு மணி நேரத்திலும்தான். குதிகாலை முன்னே ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒரே சமயம் பதியுங்கள். அடி சிறியதாக, முழங்கால் சற்று மடங்கி இருக்கட்டும். தோல் உரிந்த வேர் ஈரத்தில் சோப்புக் கட்டிதான், அதன்மேல் மிதிக்காமல் தாண்டுங்கள். மரப்பலகைப் பாலத்தில் திரும்பாமல் நேராக நடங்கள். நடைக்கோலின் ரப்பர் தொப்பி தேய்ந்திருந்தால் கல்லில் சறுக்கும். புதிதாக ஒரு சோடி எடுத்துப் போங்கள். பழைய கற்களைக் காப்பதற்காக அங்கே ரப்பர் தொப்பி போடச் சொல்கிறார்கள்.

இங்கே பயிற்சிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். ஒரு மாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். 12 மாடிக் கட்டடத்தில் தரையிலிருந்து மேலே போனால் 31 மீட்டர். 800 மீட்டருக்கு 26 முறை. வாரத்துக்கு இரு நாள், பத்து முறையில் தொடங்கி, 6 கிலோ பையோடு. இறங்கும்போதும் மின்தூக்கியை மறந்துவிடுங்கள். தொடைக்கு இறங்கும் பழக்கம்தான் அதிகம் வேண்டும்.

கே: மகள் தனியாக ஜப்பானிய மலைக்குப் போகிறாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டாள். வீட்டில் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்? (ஈசூன் வாசகி)

ப: மகளிடம் ஒரே ஒரு தாள் கேட்டு வாங்கிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள் அம்மா. ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும், சட்டை, பையின் நிறம், உட்கொள்ளும் மருந்து. அத்துடன் இரண்டு நேரம். ஒன்று, போய்ச்சேர வேண்டிய நேரம். இன்னொன்று, நீங்கள் செயலில் இறங்க வேண்டிய நேரம். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி இடைவெளி வையுங்கள். மழையில் தாமதமாவது சாதாரணம். முதல் நேரம் தாண்டியதும் பதற வேண்டாம். இரண்டாவது நேரம் தாண்டினால் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜப்பான் நேரம் நம்மைவிட ஒரு மணி முந்தியது. எந்த நாட்டு நேரம் என்று தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முதலில் விடுதிக்கு அழையுங்கள். வந்து சேரவில்லை என்றால் உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல் தரச் சொல்லி அவர்களிடமே கேளுங்கள். மலையில் தேடும் பணி அங்கே காவல்துறையின் பொறுப்பு. அடுத்து நம் வெளியுறவு அமைச்சின் 24 மணி நேரப் பணி அலுவலகம். புறப்படுமுன் அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிந்துவிட்டுப் போனால் உங்களுக்கும் வேலை எளிது. கைப்பேசியில் மகள் இருக்கும் இடம் காட்டும் புள்ளி நகரவில்லையே என்று மட்டும் பயப்படாதீர்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் போனால் அது பழைய இடத்திலேயே நிற்கும்.

மகள் செய்ய வேண்டியது: வாரில் ஒரு விசில். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு. மலையில் பரவலாக அறியப்பட்ட உதவிக் குறி இது. பதில் குறி மூன்று முறை. சிக்னலே இல்லாத நீண்ட பாதைக்குச் செயற்கைக்கோள் வழி ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி வாடகைக்குக் கிடைத்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். பிறந்தநாள் பரிசாக நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கே: பனியே இல்லாத 12 டிகிரியில் குளிரில் உயிர் போகும் என்கிறார்களே, மிகைப்படுத்தல்தானே? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

ப: மிகை இல்லை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த துணி, காற்று, பசி, களைப்பு, நான்கும் சேர்ந்தால் 10 டிகிரியிலும் உடலின் உள்வெப்பம் 35-க்குக் கீழே போகும். மேலே ஏற ஏற 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும். அடிவாரத்தில் 30 டிகிரியாக இருக்கும்போது 2,187 மீட்டர் உயர குனோங் தாகான் உச்சியில் 16 டிகிரிதான் இருக்கும். மழைக்காற்றில் அது இன்னும் குறைவாக உறைக்கும். ஆகவே மலேசிய மலைதானே என்று உலர்ந்த கம்பளிச் சட்டையை விட்டுப் போகாதீர்கள்.

முதல் அறிகுறி வெடவெட நடுக்கம். பிறகு விரல் தடுமாறும், ஜிப்பைப் பிடிக்க வராது. அடுத்து பேச்சுக் குழறும், கால் இடறும், எதிலும் அக்கறை போய்விடும். நடுக்கம் தானாக நின்று ‘இப்போது குளிரவில்லை’ என்று தோன்றினால் அது மிகக் கெட்ட நிலை. கூட்டத்தோடு போனால் பக்கத்திலிருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். தனியாக இருப்பவருக்கு ஒரு சோதனை உண்டு: கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை பழக்கமாகவே செய்து பாருங்கள்.

நிறுத்தியபின் செய்ய வேண்டியதன் வரிசை முக்கியம். காற்று மறைவு, பாறையோ விரிப்போ எதுவானாலும் சரி. தரையில் உட்காராமல் பையின்மேல் உட்காருங்கள். ஈர மேலாடையைக் கழற்றி, உலர்ந்த கம்பளி, அதன்மேல் மழைச்சட்டை, தலைக்குத் தொப்பி. உடனே இனிப்பு: கடலை மிட்டாய், பேரீச்சை, சாக்லேட் எதுவும். நடுங்குவதற்கும் எரிபொருள் வேண்டும். அடுப்பு இருந்தால் சூடான மைலோ. ஜப்பானிய மளிகைக் கடைகளில் கிடைக்கும் சூட்டுப் பொட்டலத்தைத் துணிக்கு மேலாக அக்குளில் வையுங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம், மது கூடவே கூடாது. நடுக்கம் அடங்கி, தெளிவாக நடக்க முடிந்தால் அருகிலுள்ள கூரைக்கு நடப்பதே சிறந்த மருந்து. அரை மணி ஆகியும் அடங்காவிட்டால் உதவிக்கு அழையுங்கள். ஜப்பானில் 110 காவல்துறை, 119 அவசர மருத்துவ உதவி. மலேசியாவில் 999.

பெரும்பாலும் இது வருவது நீண்ட இளைப்பாறலில். வியர்க்க வியர்க்க ஏறிவிட்டு, நனைந்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மழை நாளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். தீனி மேல்சட்டைப் பையில் இருக்கட்டும், மணிக்கு ஒரு பிடி. தாகம் தெரியாது, ஆனாலும் குடியுங்கள்.

கே: தாகான் வழியில் ஆறு கடக்க வேண்டுமாம். மழையில் ஆறு பொங்கியிருந்தால்? (பொங்கோல் வாசகர்)

ப: முதலில் ஒன்று: தாகானுக்கும் ஜொகூரின் லேடாங் மலைக்கும் பதிவுபெற்ற வழிகாட்டியும் அனுமதிச் சீட்டும் கட்டாயம். அங்கே தனிநடை என்ற பேச்சுக்கு இடமில்லை. மழைக்காலத்தில் பல பூங்காக்களை மூடியும் விடுவார்கள். ஆனால் ஆற்றறிவு எல்லாருக்கும் வேண்டும்.

மலேசியர்கள் ‘கெப்பாலா ஆயிர்’ என்பார்கள், நீரின் தலை. மேலே மலையில் கொட்டிய மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே சுவர்போல வந்து இறங்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓசை கனப்பது, கரையோரக் கல் ஒன்று மூழ்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். மணல்திட்டில் கூடாரம் போடவே கூடாது.

கடப்பதற்கு எங்கள் அளவு: முழங்காலுக்கு மேல் ஆழம், கூடவே வேகம் என்றால் வேண்டாம். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். சிறிய காட்டோடைகள் மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும்; காத்திருப்பது பெரிய விஷயமில்லை. கடந்தே ஆக வேண்டுமென்றால் அகலமான, ஆழமில்லாத இடத்தைத் தேடுங்கள். அருவிக்கும் விழுந்த மரத்துக்கும் மேல்பக்கம் கூடாது. காலணி காலிலேயே இருக்கட்டும். பையின் இடுப்பு, நெஞ்சு வார் இரண்டையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை உங்களை அமிழ்த்தக் கூடாது. நீர் வரும் திசையைப் பார்த்து, கோலை மேல்பக்கம் மூன்றாம் காலாக ஊன்றி, ஒரு சமயம் ஒன்றை மட்டும் நகர்த்திப் பக்கவாட்டில் போங்கள். இழுத்துக்கொண்டு போனால் பையை விட்டுவிட்டு, மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கரைக்குக் கைபோடுங்கள்.

மழைக்குப் பிந்திய கலங்கல் நீர் வடிகட்டியை அடைத்துவிடும். வேட்டித் துணியில் வடித்து அரை மணி தெளியவிட்டு, பிறகு வடிகட்டி, கொதித்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். எலிக்காய்ச்சல் பரவுவது இத்தகைய நீரில்தான்; காலில் புண் இருந்தால் நீர்புகாக் கட்டுப் போட்டு இறங்குங்கள்.

கே: அட்டை கடித்தால் உப்பா, சுண்ணாம்பா? (அங் மோ கியோ வாசகி)

ப: இரண்டும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். எரிச்சலில் அது குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கும். மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்து வழித்தால் பிடி விடும். பிறகு தடித்த முனை. அதன் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் மணிக்கணக்கில் கசியும், ஆபத்தில்லை. கழுவி அழுத்திக் கட்டுங்கள். நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துப் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

கே: நீர்புகாக் காலணியா, சாதாரணக் காலணியா? இன்னொன்று, ஐந்து வருடம் அலமாரியில் இருந்த, அதிகம் பயன்படுத்தாத என் காலணியின் அடிப்பாகம் மலையில் பிய்ந்துவிட்டது. ஏன்? (தோ பாயோ வாசகர்)

ப: நாள்முழுதும் மழையென்றால் எந்தக் காலணியும் மேல்வாய் வழியாக நிறைந்துவிடும். நீர்புகாக் காலணி நிறைந்தால் நீர் வெளியேறாது, உலர இரண்டு நாள் பிடிக்கும். வெப்பக் காட்டில் வலைத்துணிக் காலணி நல்லது, நடக்க நடக்கத் தண்ணீர் பிதுங்கிப் போகும். 10 டிகிரிக்குக் கீழே, ஒரு நாள் நடைக்கு, நீர்புகாதது சரி.

ஊறி வெளுத்துச் சுருங்கிய தோல்தான் கிழியும். காலையில் பாதம், விரலிடுக்கு முழுக்கப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடித்துப் பூசுங்கள். தொடையிடுக்கிலும் பூசுங்கள், மழை நாளில் பலரை முடக்குவது அந்த உராய்வுதான். மூன்று மணிக்கு ஒருமுறை காலுறையைப் பிழிந்து போடுங்கள். சுரீரென்று ஓரிடம் சுட்டால் அப்போதே நின்று துடைத்து ஒட்டுத்துணி போடுங்கள். கொப்புளம் எழும்பியபின் ஈரத் தோலில் எதுவும் ஒட்டாது. இரவில் உலர்ந்த கம்பளிக் காலுறை தவறவே கூடாது.

உங்கள் காலணியின் நடு அடித்தட்டு பாலியூரிதேனால் ஆனது. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். நீரால் பிளவுறுதல் என்று வேதியியலில் சொல்வது. நம் ஊர் ஈரத்தில், பெட்டியில் அடைத்துவைத்தால் இன்னும் விரைவு. பார்க்கப் புதிதாக இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் பொருபொருக்கும். பயணத்துக்கு இரு வாரம் முன்பே போட்டுக்கொண்டு மெக்ரிட்சி சுற்றுப்பாதையின் பத்துச் சொச்சம் கி.மீ. நடந்து பாருங்கள். வழியில் பிய்ந்தால் கட்ட நான்கு பிளாஸ்டிக் கேபிள் பட்டை, கோலில் இரண்டு மீட்டர் ஒட்டுநாடா சுற்றி வைத்திருங்கள்.

கே: காட்டுக்குள் இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது? (சுவா சூ காங் வாசகர்)

ப: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. முப்பதுக்குள் வந்தால் முகட்டிலிருந்து இறங்கிவிடுங்கள், கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் ஏறாதீர்கள். தனித்து உயர்ந்த மரத்தையும் பக்கச் சுவரில்லாத கொட்டகையையும் தவிர்த்து, ஒரே உயரத்தில் அடர்ந்த சிறு மரங்களிடையே, பையின்மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். உலோகக் கோலைத் தள்ளி வையுங்கள். பட்ட கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். இங்கே புக்கிட் தீமாவிலோ மெக்ரிட்சியிலோ பயிற்சிக்குப் போகும் நாளில் மைஎன்வி செயலியில் முன்னறிவிப்பைப் பார்த்து, இடியென்றால் போகாதீர்கள். சுமத்ரா காற்று விடியலில் வரும்போது மரங்களும் விழும்.

கே: மழையில் கைப்பேசித் திரை வேலை செய்வதில்லையே? (புக்கிட் பாத்தோக் வாசகி)

ப: திரையில் நிற்கும் நீர்த்துளியையே அது விரல் என்று நினைக்கிறது. வரைபடத்தை முன்பே பதிவிறக்கி, விமான நிலையில் போட்டு, தொப்பிக்குள் ஒரு சிறு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தொல்லை மின்னேற்றத் துளை. அதில் ஈரம் புகுந்தால் கைப்பேசி மின்னேற்றத்தை மறுக்கும். பவர்பேங்க் நிறைய இருந்தும் பயனில்லை. துளையை ரப்பர் மூடியால் அடைத்து வையுங்கள். காகித வரைபடம் ஒன்று ஜிப் உறையில் இருந்தே ஆக வேண்டும். குமானோவின் நாகாஹேச்சிப் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு எண் கம்பம் நிற்கிறது. கடைசியாகப் பார்த்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால், உதவிக்கு அழைக்கும்போது இருக்கும் இடத்தை உடனே சொல்லலாம்.

கே: ஈரக் கூடாரத்தை வீவக வீட்டில் எப்படி உலர்த்துவது? பால்கனி கிடையாது. (ஹவ்காங் வாசகர்)

ப: விமான நிலையத்திலிருந்து வந்த அன்றிரவே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் மூட்டையாகக் கிடந்தால் இரண்டே நாளில் கரும்பூஞ்சை பிடிக்கும். அந்தப் புள்ளி போகவே போகாது. குளியலறையில் வெறும் தண்ணீரில் மண்ணைக் கழுவி, வரவேற்பறையில் துணி காயவைக்கும் மடக்குச் சட்டத்தில் மேல்துணியை விரித்து, மின்விசிறியை வைத்து ஒரு பக்கத்துக்கு நான்கு மணி நேரம். பிறகு திருப்பிப் போடுங்கள். மூங்கில் கழியில் நண்பகல் வெயிலில் போட வேண்டாம், நைலான் நலிந்துவிடும். தையலும் மூலைப் பட்டையும் கடைசியில்தான் உலரும், அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தபின் மடியுங்கள். அதன் சிறிய உறைக்குள் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, படுக்கைக்கு அடியில் வைக்காமல் காற்றோடும் மேல்தட்டில் வையுங்கள். உள்பூச்சு பிசுபிசுத்துப் புளித்த வாடை வந்தால் அதுவும் உங்கள் நண்பர் தோ பாயோக்காரரின் காலணிக்கு வந்த நோய்தான். அந்தக் கூடாரத்தை மறுபடி மழைக்கு எடுத்துப் போகாதீர்கள்.